பல் போனால் துணை போச்சு

கடைவாய்ப் பல் வலித்ததற்குச் சந்தோஷப்பட்ட மனிதர் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஏனோக் ஒருவராகத்தான் இருப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. மைன் மூடிய அந்த வருஷம், வாராவாரம் வரும் பெங்களூர் டாக்டர் ஏனோக்குக்கும் அவருடைய பழைய ஷிப்ட் கூட்டாளி கொர்னேலியஸுக்கும் ரத்தம் எடுத்தார். இரண்டு பேருமே ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்கள். மாத்திரையால் கொழுப்பு அடங்கினாலும் ஆபத்து கொஞ்சம் மிச்சமிருக்குமாம். உடம்புக்குள்ளே எங்கேயாவது வீக்கம் புகைந்துகொண்டிருந்தால் ரத்தத்தில் ஒரு புரோட்டீன் ஏறிக் காட்டிக்கொடுக்குமாம். முடிவைக் கேட்க ஏனோக்குக்குப் பயம். கொர்னேலியஸ்தான் போய்க் கேட்டு வந்தார்.

"உனுக்கு ஏறிக்கீதாம்பா. தனியா படுக்கக் கூடாதாம். நான் வந்து படுத்துக்கறேன்."

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு தட்டு. மனைவி போனபின் சுவரோடு பேசிக்கொண்டிருந்த ஏனோக்குக்கு, கொர்னேலியஸின் குறட்டைகூட இனித்தது. மறுபடி ரத்தம் எடுக்கும் நாள் நெருங்க நெருங்க, காலண்டர் பக்கம் பார்ப்பதையே விட்டார். அது இறங்கியிருந்தால்? திரும்பவும் ஒற்றைத் தட்டு.

எதிர்வீட்டு நர்ஸ் ஷோபா பேச்சுவாக்கில் சொன்னாள்: "பல்லு சீழ் பிடிச்சாலும் ரத்தத்துல அந்தப் புரோட்டீன் ஏறும் மாமா. புடுங்கினா எறங்கிடும்."

கர்த்தர் கண் திறந்தார். அந்த வாரமே பல்வலி வந்தது.

ஏனோக் அந்தச் சொத்தைப் பல்லைப் பொத்திப் பொத்திக் காத்தார். வலி கூடியதும் கிராம்பை வைத்து அடக்கினார். வாசனை கொர்னேலியஸ் மூக்குக்கு எட்டிவிட்டது.

"பிரியாணி துன்னியா இன்னா, எனக்கு இல்லாம?"

வாசனையை மறைக்க வெற்றிலை போட்டார். சுண்ணாம்பு பட்டு ஈறு வெந்தது. விடிந்தபோது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. ஆசைப்பட்ட துணை எதிரே உட்கார்ந்திருக்க, வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. இதைவிடக் கொடுமை உண்டா?

"இன்னா மூஞ்சி இது?"

"குளவி கொட்டிச்சி."

"வாய்க்குள்ளயா? எழுந்து வா."

கையைப் பிடித்து இழுத்துப்போய் அதே டாக்டர் முன்னால் உட்காரவைத்தார் கொர்னேலியஸ். டாக்டர் வாய்க்குள் பார்த்துவிட்டு, மருந்து வாங்கிவரக் கொர்னேலியஸை வெளியே அனுப்பினார்.

ஏனோக் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய வாயைப் பாடுபட்டுத் திறந்தார்.

"சார், இந்தப் பல்லு இருந்துட்டுப் போவட்டும். இது போச்சின்னா என் ரத்தம் சரியாப்பூடும். சரியாச்சின்னா அவன் வரமாட்டான். அந்த வீட்ல தனியா இருக்க என்னால முடியல சார்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க ரத்தத்துல அது ஏறவே இல்லையே. தனியா படுக்காதீங்கன்னு நான் சொன்னது கொர்னேலியஸுக்கு."