ஆவி அடிக்காத நாற்காலி

"ஒரே ஒரு ட்ரவுசர். அதுக்கு எதுக்குடி எஸ்?"

"ரெண்டு கால் இருக்குல்ல."

"சட்டைக்கும்தான் ரெண்டு கை இருக்கு. அதுக்கு ஏன் எஸ் இல்ல?"

"அதை வெள்ளைக்காரன்கிட்ட கேளுங்க. இப்ப எஸ் போடுங்க," என்றாள் மனைவி. இலக்கணப் புத்தகம் அவள் மடியில் இருந்தது.

இருவருக்கும் ஒரே ஓட்டலின் சலவைப் பிரிவில்தான் வேலை. அவனுக்கு இஸ்திரி, அவளுக்கு மடிப்பு. அங்கே சூப்பர்வைசர் நாற்காலி காலியாகிவிட்டது. ஆவி அடிக்காத, ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி. தங்க வருகிறவர்களின் துணிகளை ஆங்கிலத்தில் ஒருமை பன்மை பிசகாமல் எழுதுகிறவருக்குத்தான் அது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பரீட்சை உண்டு.

அதில் உட்காராமல் விடுவதில்லை என்று அவன் முடிவு கட்டிவிட்டான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைத் தேய்த்தவன்தான். ஆனாலும் வைராக்கியத்துக்குக் குறைச்சல் இல்லை. படிக்கிற முறைதான் கொஞ்சம் விசேஷம். புத்தகத்தைத் தொடமாட்டான். கட்டிலில் மல்லாந்துகொள்வான். அவள்தான் வாசிக்க வேண்டும், கேட்க வேண்டும், திருத்த வேண்டும்.

"ஷெல்ஃப் நாலு இருந்தா?"

"ஷெல்ஃப்ஸ்."

"ஷெல்வ்ஸ். எத்தனை தடவைதாங்க சொல்றது?"

"நீ என்ன, புத்தகத்தைப் பாக்காமலே சொல்றே?"

"உங்களுக்கு வாசிச்சு வாசிச்சு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு."

"நல்லதாப் போச்சு. நாற்காலி நம்ம வீட்டுக்கு வந்தா சரி," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

பரீட்சை அறையில் அவனுக்கு முன்னால் தொங்கிய பின்னல் எங்கேயோ பார்த்த பின்னலாக இருந்தது.

"நீ எங்கடி இங்க?"

"நாற்காலி நம்ம வீட்டுக்கு வந்தா சரின்னு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டு பேரா எழுதினா தப்பாம வரும்ல."

தப்பாமல் வந்தது. அவளுக்கு.

அவன் பழையபடி ஆவியில் வெந்தான். அவள் விட்ட மடிப்பு மேஜைக்கு அவள் தங்கை வந்து சேர்ந்தாள். ஜாகையும் இவர்கள் வீட்டிலேயே.

"மனசு விட்டுடாதீங்க," என்றாள் மனைவி. "ராத்திரி ஷிஃப்டுக்கும் ஒரு சூப்பர்வைசர் எடுக்கப் போறாங்களாம். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. புத்தகத்தை உங்க கையில வெச்சு நீங்களே படிங்க. வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க."

அவனுக்கு வைராக்கியம் மறுபடியும் பொங்கிவிட்டது. பாய்ந்துபோய்ப் புத்தகத்தை எடுத்தான். தூசி தட்டினான். கட்டிலில் மல்லாந்துகொண்டு கொழுந்தியாளிடம் அதை நீட்டினான்.

"சும்மாதானம்மா இருக்கே. முதல் பக்கத்திலிருந்து வாசி."