கருப்புக் கோட்டு எழுந்து போன விவகாரம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்து, சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். நேற்று போனில் "கோர்ட்டுல இருந்து ஏன் எழுந்து ஓடினீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். நல்லவேளை. அது போனில் சொல்லக்கூடிய பதில் அல்ல, பக்கத்தில் பெண்கள் இருந்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை ஒட்டி, ஊருக்கு வரும் மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

முதலில் நம் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனும் என் மகளும் வேலை பார்ப்பது பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில். அவர் கணக்குப் பிரிவு, அவள் மூடி வார்க்கும் அச்சுப் பிரிவு. உங்கள் ஓய்வுக்காலப் பணமோ அந்தக் கம்பெனியின் பங்குகளில் இருக்கிறது. ஆக, நம் இரண்டு குடும்பமும் ஒரே மூடிக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறோம். இப்படி இருக்கையில், கழற்றிய மூடிகள் சாக்கடையையும் கடற்கரையையும் அடைக்கின்றன என்று சொல்லி, இனி திறந்த பிறகும் மூடி பாட்டிலை விட்டுப் பிரியக் கூடாது, ஒரு சின்ன வாரில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரசாங்கம் ஆணை போட்டது. நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு எல்லா அச்சுகளையும் மாற்ற வேண்டும். முதலாளி தன் பங்குகளை பாங்கில் அடகு வைத்துக் கடன் கேட்டார், கூடவே அவகாசம் கேட்டு வழக்கும் போட்டார். பங்கு விலை ரொம்ப இறங்கினால் பாங்க் கடனை நிறுத்திவிடும். கடன் நின்றால் புது அச்சு இல்லை. அச்சு இல்லை என்றால் என் மகளுக்கு அங்கே என்ன வேலை? இதைப் புரிந்துகொண்ட நாளில் இருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

வீட்டில் கிடந்து கவலைப்படுவதை நேரில் போய்ப் படுவோம் என்றுதான் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே குளிர்சாதனம் எலும்பை நடுக்கும் என்று கேள்விப்பட்டு, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்துக் கருப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எல்லாக் குழப்பத்துக்கும் அந்தக் கோட்டுதான் காரணம். வாசலில் இருந்த சிப்பந்தி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உள்ள வாங்க சார்" என்று முன்வரிசைக்கு அழைத்துப் போனார். எங்கள் கம்பெனி வக்கீல் எனக்குத் தலை வணங்கினார். நானும் பதிலுக்கு வணங்கினேன். மரியாதை கொடுத்தால் திருப்பிக் கொடுப்பது தவறு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அன்றிலிருந்து அந்த நாற்காலி எனக்கு முன்பதிவு ஆனதுபோல் ஆகிவிட்டது.

கடைசி வரிசையில் எப்போதும் சில இளைஞர்கள் இருப்பார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைப் போல ஒரு கண் கதவின் மீதே இருக்கும். பங்குத் தரகர்கள் அனுப்பிய ஆட்கள். உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு, தாழ்வாரத்துக்கு ஓடிப் போனில் சொல்வதுதான் அவர்கள் பிழைப்பு. "ஜட்ஜ் கண்ணாடியக் கழட்டினா விலை இறங்கும், மாட்டினா ஏறும், பெரியவரே" என்று ஒருவன் எனக்கு விளக்கினான். "அவருக்குக் கண்ணு வலிச்சா?" என்று கேட்டேன். "அதெல்லாம் மார்க்கெட்டுக்குத் தெரியாது" என்றான். ஊரையே ஆட்டிவைக்கும் சந்தை ஒரு மனிதரின் மூக்குக்கண்ணாடியில் தொங்குகிறதே என்று அன்று சிரித்தேன். அதே சந்தை என் மூத்திரப்பையிலும் தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

மன்னிக்கவும், எழுதிவிட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்திருக்கும் மாத்திரை உடம்பில் தண்ணீரைத் தங்க விடாது. அதைக் காலையில் போட்டுக்கொண்டு போனேன். அன்று பார்த்து அரசாங்க வக்கீல் தொங்கும் மூடியை நேரிலேயே காட்டுகிறேன் என்று ஒரு பை நிறையப் பாட்டில்களைக் கொண்டுவந்துவிட்டார். "கனம் நீதிபதி அவர்களே, மூடி வாரில் தொங்கினாலும் தண்ணீர் தடையில்லாமல் விழும்" என்று ஒரு பாட்டிலைச் சாய்த்து, கண்ணாடி டம்ளரில் மெதுவாக ஊற்றினார். அந்தச் சத்தம் இருக்கிறதே, சம்பந்தி, அந்த அமைதியான அறையில் எனக்கு அருவி மாதிரி கேட்டது. காலை மாற்றிப் போட்டேன். அவர் அடுத்த பாட்டிலை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். நீதிபதி ஆர்வமாக முன்னால் சாய்ந்து, "இன்னொரு முறை காட்டுங்கள்" என்றார். அவ்வளவுதான். எழுந்தேன், நடந்தேன், கதவருகே போனதும் ஓடினேன்.

பின்வரிசை முழுவதும் என் பின்னால் ஓடிவந்தது. முன்வரிசைக் கருப்புக் கோட்டு, முகத்தில் ஈயாடாமல், விசாரணையின் நடுவில் வெளியேறினால் என்ன அர்த்தம்? கம்பெனி தோற்றது என்று அர்த்தம் என அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். கழிப்பறைக் கதவைத் தட்டி, "சார், ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று கெஞ்சினார்கள். இந்த நிலையில் யார் என்ன சொல்ல முடியும்? பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்தையும் போனில் சொல்லியிருக்கிறார்கள். நான் நிம்மதியாக வெளியே வந்தபோது அந்த நிம்மதியைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

சாயங்காலம் டிவியில் "நிறுவனத்துக்கு நெருக்கமான மூத்த சட்ட ஆலோசகர் பாதியில் வெளியேறினார்" என்று ஓடியது. விலை சரிந்தது. மறுநாளே பாங்க் முதலாளியைக் கூப்பிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அந்த டிவி ஆபீசுக்கு போன் போட்டு, நான் வெளியே போனது சொந்தக் காரணத்துக்காக என்று சொன்னேன். "என்ன காரணம் சார்?" என்றாள் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தக் குரலுக்கு. எப்படிச் சொல்வேன்? "அதைச் சொல்ல விரும்பவில்லை" என்றேன். அரைமணி நேரத்தில் "சொந்தக் காரணங்களால் விலகினேன்: மூத்த ஆலோசகர்" என்று போட்டார்கள். விலை இன்னும் இறங்கியது.

அச்சுப் பிரிவில் எல்லோரையும் மறு உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். என் மகள் பகலிலேயே வீட்டுக்கு வந்து, திறக்காத சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அந்தக் கருப்புக் கோட்டு ஆள் யாருன்னு ஆபீஸ்ல எல்லாரும் தேடறாங்கப்பா. கெடச்சா சும்மா விட மாட்டாங்க" என்றாள். கோட்டு அவள் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். "புது அச்சு பாதி முடிச்சிட்டேன்பா. இன்னும் கொஞ்சம் டைம் இருந்தா போதும்" என்றாள். என் வாழ்நாளில் எத்தனையோ பேரை வண்டியில் இருந்து இறக்கிவிட்டிருக்கிறேன். பெற்ற மகளை இறக்கிவிட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

நடந்தது இவ்வளவுதான். சட்டமும் இல்லை, ரகசியமும் இல்லை, கம்பெனி தோற்கவும் இல்லை. வழக்கு இன்னும் நடக்கிறது, வெள்ளிக்கிழமை தீர்ப்பு. ஆகவே தயவுசெய்து உங்கள் பங்குகளை விற்க வேண்டாம். இன்னொன்று, நீங்கள் கோபத்தில் நேரில் கிளம்பி வருவதாக மாப்பிள்ளை சொன்னார். முழங்காலை வைத்துக்கொண்டு பஸ் ஏறவே வேண்டாம். நான் அந்தக் கோர்ட்டு இருக்கும் திசையில்கூட இனித் தலைவைத்துப் படுக்க மாட்டேன். கோட்டைச் சலவைக்காரரிடம் கொடுத்து, துடைப்பதற்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கம்பெனிக்காரர்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் அதுவே அவர்களுக்கு நான் செய்யும் உபகாரம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். வீட்டுச் சிறுவர்களுக்கு ஆசிகள். எல்லோரும் நோய்நொடியின்றி நிறைந்து வாழ வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
சம்பந்தி

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தை நானே பிரித்து இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கிறார். இப்போதுதான் முதலாளி வந்துவிட்டுப் போனார். என் மகளே போய் நடந்ததை அவரிடம் சொல்லியிருக்கிறாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "வெள்ளிக்கிழமை நீங்க வரணும். உங்க சீட்டு காலியா இருந்தா கம்பெனியே காலின்னு நெனப்பாங்க. சாயங்காலம் வரைக்கும் விலை தாங்கினா போதும், பாங்க் காத்திருக்கறதாச் சொல்லிருக்கு. சும்மா உட்கார்ந்திருங்க, அது போதும்" என்றார். உள்ளே நின்ற என் மகளைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். கோட்டைத் திரும்ப வாங்கி வர ஆள் போயிருக்கிறது.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு உடனே பஸ் ஏறுங்கள். உங்களிடம் கருப்புக் கோட்டு ஏதாவது இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். உங்களுக்கும் அதே மாத்திரைதான் என்று சம்பந்தியம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறார், அது எனக்குப் பெரிய ஆறுதல். என் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். நான் போய்விட்டு வரும்வரை நீங்கள் அசையக் கூடாது. நீங்கள் போய்விட்டு வரும்வரை நான் அசைய மாட்டேன்.