இரண்டு விரல் சம்பந்தி

"அங்க நீங்க வாயைத் திறக்கிறது சாப்பிடறதுக்கு மட்டும்தான். புரிஞ்சுதா?" என்றாள் மர்சினி, சம்பந்தி வீட்டு வாசலில் பைக்கிலிருந்து இறங்கியபடியே.

சுதிக்னோ தலையை ஆட்டினார். இந்தோனேசியாவின் கெதிரி நகரத்தில் பைக்குகளுக்கு சீட் தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. டிவியைப் பார்த்துக் கத்துவதிலும் அப்படித்தான். ஜனாதிபதி வேட்பாளர்களின் முதல் விவாதம் ஒளிபரப்பான அன்று, நம்பர் இரண்டு பேச ஆரம்பித்த நாலாவது நிமிடம் செருப்பைக் கழற்றி எறிந்து சொந்த டிவியையே உடைத்தவர் அவர். நம்பர் ஒன்றுக்கு அவர்கள் தெருவில் தொண்டர் படை இருந்தது. அதன் செயலாளரும் அவரேதான்.

இன்று இரண்டாவது விவாதம். "சேர்ந்து பாக்கலாம், அப்படியே கல்யாணத் தேதியையும் பேசிடலாம்" என்று மகன் டானாங்கின் வருங்கால மாமனார் ஹர்ஜிதோ அழைத்திருந்தார்.

"அப்பா, அவங்க ஹால்ல நம்பர் ரெண்டு படம் ஆளுயரத்துக்குத் தொங்குது. நேத்துதான் பாத்தேன்," என்றான் டானாங். அவன் முகம் வெளிறியிருந்தது. "போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுப்பா."

போன தடவை, வேறொரு பெண்ணின் தாய்மாமனோடு ஊர்த் தலைவர் தேர்தலைப் பற்றி சுதிக்னோ வாதாடப் போய், காபி ஆறுவதற்குள் சம்பந்தம் முறிந்துவிட்டது.

"இருக்கிறது ஒரே மகன். ரெண்டு மணி நேரம் நான் ஊமை. போதுமா?" என்றார் சுதிக்னோ.

ஹர்ஜிதோ ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத பாத்திக் சட்டை. "வாங்க சம்பந்தி, வாங்க!" என்று இரு கைகளையும் பிடித்து அழைத்துப் போய் டிவிக்கு நேர் எதிரே உட்கார வைத்தார். கல்யாணப் பெண் ரெத்னோ மல்லிகைத் தேநீர் கொண்டுவந்தாள். ஹர்ஜிதோவின் தங்கை லஸ்த்ரி, பொரித்த தோஃபுவையும் ஒரு பிடி பச்சை மிளகாயையும் கொண்டுவந்து வைத்தாள்.

மணி ஏழு. நம்பர் இரண்டு கையசைத்தபடி மேடைக்கு வந்தார்.

சுதிக்னோவின் வலது கால் தன்பாட்டுக்குச் செருப்பைத் தேடியது. நல்லவேளை, அதை வாசலிலேயே விட்டிருந்தார். மர்சினி தொடையில் கிள்ளினாள்.

"ஆ!" என்று அலறிவிட்டார்.

"பாருங்க, ஆளைப் பாத்ததுமே சம்பந்திக்கு உற்சாகம் தாங்கலை!" என்று ஹர்ஜிதோ கைதட்டினார். அவர் தட்டியதால் சுதிக்னோவும் தட்டினார். சுதிக்னோ நிறுத்தாததால் ஹர்ஜிதோவும் நிறுத்தவில்லை. வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

உர விலையைப் பாதியாகக் குறைப்பேன் என்றார் நம்பர் இரண்டு.

"பொய்..." பாதி வெளியே வந்துவிட்டது. மர்சினியின் விரல்கள் மறுபடி தொடையை நோக்கி நகர்ந்தன. "பொய்... பொய்யே கலக்காத பேச்சு!" என்று முடித்தார் சுதிக்னோ.

ஹர்ஜிதோ ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு, "அதையேதான் நானும் சொல்ல வந்தேன்!" என்று முன்னைவிடப் பலமாகத் தட்டினார்.

நம்பர் ஒன்று பேசும்போதோ, ஹர்ஜிதோ டிவி சத்தத்தைக் குறைத்தார். "இந்த ஆளு பேச்சை எதுக்குக் கேட்டுக்கிட்டு!" என்றார். சொல்லிவிட்டு, தப்பாக ஒரு வார்த்தை வராதா என்று காத்திருப்பவர்போலத் திரைக்கு அருகில் காதை நீட்டிக்கொண்டார். என்ன ஒரு பகை என்று சொல்ல சுதிக்னோவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

இனி நாக்கை நம்ப முடியாது. வாயை அடைப்பதுதான் வழி. தோஃபுவை இரண்டு இரண்டாக எடுத்துப் போட்டுக்கொண்டார், கூடவே மிளகாயை எண்ணாமல் கடித்தார். அதே நேரம் நம்பர் இரண்டு தன் ஏழ்மையான இளமைக் காலத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார். சுதிக்னோவின் கண்களிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"ஐயோ, மாமா அழறாரு!" என்றாள் ரெத்னோ.

ஹர்ஜிதோ பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் கசக்கி, தன் கண்ணையும் ஒருவழியாகச் சிவக்க வைத்துக்கொண்டார். "இப்படி ஒரு பற்றை நான் யார்கிட்டயும் பாத்ததில்லை," என்று உள்ளே போனவர், நெஞ்சில் பெரிய இரண்டு போட்ட பனியனோடு வந்தார். "உங்களுக்குன்னே வாங்கினது. போட்டுக்கணும்."

அது சின்னப் பையனுக்கான அளவு. டானாங் ஒரு பக்கமும் ஹர்ஜிதோ ஒரு பக்கமும் இழுத்து, சீட்டுக்கு உறை மாட்டுவதுபோல சுதிக்னோவின் மேல் அதை மாட்டினார்கள்.

"எல்லாரும் ஒரு போட்டோ! ரெண்டு விரல் காட்டுங்க!" என்றாள் ரெத்னோ.

மூன்று மாதப் பிரசாரப் பழக்கம், சுதிக்னோவின் கையில் ஒற்றை விரல்தான் எழுந்தது. பின்னாலிருந்து மர்சினி அவருடைய நடுவிரலைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள். கிளிக்.

"போட்டாச்சு!" என்றாள் ரெத்னோ.

"எங்கம்மா போட்டே?" சுதிக்னோ அவளுடைய போனை எட்டிப் பார்த்தார்.

"ஃபேஸ்புக்ல. டானாங் பேரையும் எங்க வீட்டு விலாசத்தையும் சேத்திருக்கேன் மாமா."

ஐந்து நிமிடத்தில் அவருடைய கால்சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்தார். தொண்டர் படைத் தலைவன் பைமின்.

"செயலாளரே, போட்டோ பாத்தோம். உங்க முகமே சரியில்லை, கண்ணெல்லாம் அழுதிருக்கு. பலவந்தமா எடுத்தாங்களா? பதில் பேச வேணாம். ஆமான்னா ஒரு தடவை இருமுங்க, நாங்க வந்துடறோம்."

இல்லை என்று சொல்லத்தான் சுதிக்னோ வாயைத் திறந்தார். தொண்டையில் ஒட்டியிருந்த மிளகாய் விதை வேலையைக் காட்டியது. இருமினார். நிறுத்தப் பார்த்தார். மேலும் ஏழெட்டு தடவை இருமினார்.

"அடப்பாவமே, இவ்வளவு கொடுமையா!" என்றான் பைமின். போன் துண்டிக்கப்பட்டது.

திருப்பி அழைத்தார். யாரும் எடுக்கவில்லை. பைக் ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான்?

நம்பர் ஒன்று நிறைவுரைக்கு எழுந்த நேரம், வாசலில் பத்துப் பன்னிரண்டு பைக்குகள் ஹாரனோடு வந்து நின்றன. கொடிகள் வேலிக்கு மேல் ஆடின. "எங்க செயலாளரை விடு! எங்க செயலாளரை விடு!"

"யாரு இவங்க? எந்தச் செயலாளர்?" ஹர்ஜிதோ திகைத்து எழுந்தார்.

டானாங் ரெத்னோவைப் பார்த்தான். ரெத்னோ கதவைப் பார்த்தாள். மர்சினி கண்களை மூடிக்கொண்டாள்.

சுதிக்னோ எழுந்தார். இந்தப் பனியனோடு வெளியே போனால் தெருவில் தலைகாட்ட முடியாது. கழற்றினால் மகன் கல்யாணம் போச்சு. கழற்றத்தான் செய்தார். அது தோளைத் தாண்டித் தலையில் வந்து சிக்கிக்கொண்டது. முகம் மூடியபடியே பேசினார். ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

"சம்பந்தி, என்னை மன்னிச்சுடுங்க. நான்தான் அந்தச் செயலாளர். என் ஓட்டு நம்பர் ஒண்ணுக்கு. என் மகனுக்கு உங்க பொண்ணுன்னா உயிர். அதுக்காகத்தான் இவ்வளவு நேரம் நடிச்சேன். கோபத்தை என்மேல காட்டுங்க, பிள்ளைங்களைப் பிரிச்சுடாதீங்க."

டிவியில் நம்பர் ஒன்று மட்டும் மெல்லிய குரலில் நாட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்போ..." என்று இழுத்தார் ஹர்ஜிதோ. "உங்க வீட்டு மதில்ல நம்பர் ரெண்டு பேனர் கட்டியிருக்குன்னு போன வாரம் ரெத்னோ பாத்துட்டு வந்து சொன்னாளே?"

"அது பக்கத்து வீட்டுக்காரன் வேலை! ரெண்டு தடவை பிச்சுப் போட்டேன், மறுபடி மறுபடி கட்டறான்!"

யாரோ தொப்பென்று நாற்காலியில் விழும் சத்தம் கேட்டது. சுதிக்னோ பனியனைப் பிய்த்துக்கொண்டு தலையை வெளியே எடுத்தார். ஹர்ஜிதோதான் விழுந்திருந்தார். தலைமை ஆசிரியரின் முகத்தில் அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று.

சமையலறை வாசலில் நின்ற லஸ்த்ரி, சிவந்து போயிருந்த தன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்போ உங்க மனசு நோகக் கூடாதேன்னா நாங்க எல்லாரும் இவ்வளவு நேரம் எங்களுக்கே புடிக்காத நம்பர் ரெண்டுக்குக் கைதட்டினோம்?"