ஒரே ஒரு கிளாஸ் ஆராய்ச்சி

மனசில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வருஷ ஆரம்பத்தில் வந்த சந்தேகம் இது: ஈரலில் பல வருஷமாக ஹெபடைட்டிஸ் பி வைரஸ் குடியிருக்கிற ஆள், ஒரே ஒரு கிளாஸ் விஸ்கி குடித்தால் உள்ளே என்னதான் நடக்கும்? அந்த ஆள் நான்தான், டின்னருக்கு டின்னர் 'ஒரே ஒரு கிளாஸ்' என்று ஆரம்பிக்கிறவன். அதனால் ஆர்வம் கொஞ்சம் கூடுதல்.

கிள்ளான் கிளினிக்கில் டாக்டர் ரிஷியிடமே கேட்டுவிட்டேன். பக்கத்தில் என் மனைவி அமுதவள்ளி.

"டாக்டர், நான் குடிச்சா வைரசுக்கும் போதை ஏறுமா?"

"ஏறாது அங்கிள். உங்க ஈரல் ராப்பகலா அந்த வைரசோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு. நீங்க பின்னாலருந்து ஈரலையே அடிக்கிறீங்க."

"மெதுவா அடிச்சா?"

"தழும்பு விழும். அது கூடிக்கிட்டே போனா ஈரல் சுருங்கிடும், கேன்சர்கூட வரலாம். இவ்வளவு குடிச்சா பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது."

அமுதா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய ஈரல் படத்தைப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, குடித்துத் தெரிந்துகொள்வது வேறு இல்லையா?

அடுத்த சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண டின்னர். அமுதாவுக்கு அன்றைக்கு வேலை. திட்டம் தயார்.

"அமுதா, நாராயணன், சேவுகன் ரெண்டு பேரையும் நான்தான் கார்ல கூட்டிட்டுப் போறேன். வண்டி ஓட்டுறவன் குடிப்பானா? வழியெல்லாம் போலீஸ் ரோட்பிளாக் லா."

"நல்ல காரியங்க. போயிட்டு வாங்க."

இருபத்தாறு வருஷத்தில் குறுக்குக் கேள்வி இல்லாமல் அவள் என்னை அனுப்பியது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மேசைக்கு விஸ்கி வந்தது. கையை நீட்டினேன். நாராயணன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்ன மச்சான் பண்ற?"

"சின்ன ஆராய்ச்சி."

"அதெல்லாம் வேணாம். நீ டிரைவர்."

"ஒரு வாய்டா."

"அமுதா தங்கச்சி போன் பண்ணிச்சு," என்று சேவுகன் ரோஜா நிற சிராப் சர்பத்தை என் முன்னால் நகர்த்தினான். "வருஷம் பூரா எந்த டின்னருக்கும் நீதான் எங்கள ஏத்தி இறக்குவியாம். ஒரு சொட்டு உன் வாயில பட்டா சர்வீஸ் கட்டாம்."

"நீங்கல்லாம் கூட்டாளிங்களாடா?"

"உன் ஈரல் நல்லா இருந்தாத்தான் நாங்க வீடு போய்ச் சேர முடியும்."

டாய்லெட்டுக்கு எழுந்தேன். நாராயணனும் கூடவே எழுந்தான். கடைசியில் அவனைக் காப்பாரில் இறக்கினேன், சேவுகனைச் சுங்கை பூலோவில். இரண்டுக்கும் நடுவில் பாதி சிலாங்கூர் மாநிலம் இருக்கிறது.

மூன்று மாதம். ஆறு டின்னர். வயிறு முட்ட சிராப். பிறகு ரத்தப் பரிசோதனை.

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். "ஈரல் நம்பர் நல்லா இறங்கியிருக்கு அங்கிள். வைரஸ் அங்கேயேதான் இருக்கு, மாத்திரைய விட்டுடாதீங்க. ஆனா எப்படிக் குடிய விட்டீங்க?"

உள்ளுக்குள் எனக்குப் பெரிய சந்தோஷம். அமுதாவுக்குத் தெரியாமல் அதை அமுக்கிக்கொண்டேன். அவளோ நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் தாடையைத் தடவினார்.

"அங்கிள், வர்ற சனிக்கிழமை போர்ட் கிள்ளான்ல எனக்கும் ஒரு டின்னர் இருக்கு..."

நான் வாயைத் திறப்பதற்குள் அமுதா சொல்லிவிட்டாள்.

"ஏழு மணிக்கு வாசல்ல நில்லுங்க டாக்டர். முன் சீட்டு காலியாத்தான் இருக்கு."