குத்பா நேரத்தில் கதைத்த சைலன்சர்

நான் பொறாமைக்காரன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை, ஏனென்றால் எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த அத்தனை குடும்பத்துக்கும் இது எப்போதோ தெரிந்துவிட்டது. சிலர் அடுத்தவன் வயலைப் பார்த்து வயிறெரிவார்கள். சிலர் அடுத்தவன் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்து. நான் வயிறெரிந்தது ஒரு சைலன்சரைப் பார்த்து.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோர் பொறுப்பு. என் மாமாவுக்கு, அதாவது மாமனாருக்கு, இரண்டு பெண்கள் என்பதால் ஒரே வளவில் இரண்டு வீடு. ஒரு கேற், ஒரு கிணறு, இரண்டு மருமகன்மார். (இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் அவருக்குச் சகலன் இருந்திருக்க மாட்டான்.)

என் சகலன், அதாவது என் மனைவி நஸ்ரினுடைய ராத்தாவின் கணவர், ஹாரிஸ் காக்கா. (காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.) அவரிடம் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். என்னிடமும் அதே வகை, அதே வயது, அதே கறுப்பு. ஆனால் அவருடையதில் அவரே செய்து பூட்டிய ஒரு சைலன்சர் இருந்தது. சாதாரணச் சைலன்சர் நேராகப் போகும். இது எஞ்சினிலிருந்து மெலிதாகப் புறப்பட்டு, நடுவில் வயிறு பெருத்து, மறுபடி ஒடுங்கி, வாலில் விரல் பருமன் குழாயாக முடியும். பார்க்க ஒரு சூரை மீன். புகையோடு தப்பி ஓடுகிற பெற்றோலை அந்த வயிறு திரும்ப எஞ்சினுக்குள் தள்ளி விடுமாம். அதனால் இழுவையும் கூடும், சத்தமும் தனி அழகாக இருக்கும்.

அந்தச் சத்தம்தான் என்னைத் தின்றது. மாமா ஆயுள் முழுக்க நெல் மில்லில் எஞ்சின் ஓட்டியவர். மனிதர்களின் பேச்சை அரைக்காதால் கேட்பார், எஞ்சின் ஓடினால் இரண்டு காதையும் கொடுப்பார். ஹாரிஸ் காக்கா கேற்றுக்குள் நுழையும்போது கண்ணை மூடிக்கொண்டு, "அது கதைக்கிது" என்பார். பின்னால் நான் வருவேன். மாமா கண்ணைத் திறந்து, "மருமகன்ட சைக்கிளுக்குச் சளி போல" என்பார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமா வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் உடுத்து ஹாரிஸ் காக்காவின் பின்னால் ஏறித்தான் ஜும்ஆ தொழுகைக்குப் போவார். நாலு வருடம். ஒரு நாளாவது அவர் என் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார வேண்டும், உட்கார்ந்து "கதைக்கிது" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. (வேலையில் பதவி உயர்வுகூட அதற்குப் பிறகுதான்.)

ஹாரிஸ் காக்கா கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் அவர் இடம் தரவில்லை. ஒரு நாள் கிணற்றடியில் வைத்துச் சொன்னார்:

"தம்பி, நான் தகரம் வெட்டின மட்டை அச்சு எல்லாம் என்னட்ட இரிக்கி. எடுங்களன். ரெண்டு பேருமாச் சேந்து செஞ்சா ரெண்டு நாள் வேலை."

"தேவல்ல காக்கா. எனக்கு இதில பெரிய விருப்பமில்ல."

"செய்யிறண்டா வயித்த மெல்ல மெல்ல விரிய விடுங்க. சட்டெண்டு விரிஞ்சா மெதுவாப் போகக்குள்ள இழுவை இரிக்காது. பின்னால ஆளேத்த ஏலா."

விருப்பமில்லாதவன் அடுத்த நாள் அவர் வேலைக்கு ஒலுவிலுக்கு பஸ்ஸில் போன நேரம் பார்த்து, நஸ்ரினின் தையல் நாடாவோடு அவருடைய சைலன்சருக்குக் கீழே படுத்துக் கிடந்தான். நஸ்ரின் உடுப்புக் காயப்போட வந்தவள் நின்று பார்த்தாள்.

"ராத்தாட மாப்பிள்ளைட சைலன்சருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

அளவு முழுக்கக் குறித்துக்கொண்டேன். பிறகு, என்னைப் போன்ற ஒருவனால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன். வயிற்றின் ஒவ்வொரு அளவிலும் இரண்டு அங்குலம் கூட்டினேன். அவருடையது சூரை என்றால் என்னுடையது அதைவிடப் பெரிய சூரையாக இருக்க வேண்டும். மெல்ல விரிய வேண்டும் என்று அவர் சொன்னார் அல்லவா? எனக்குக் கிடைத்துவிடக் கூடாதென்று ஏதோ மறைக்கிறார் என்று நினைத்து, சட்டென்று விரிய வைத்தேன்.

பழைய எண்ணெய் பெரல் ஒன்றை வெட்டித் தகரம் எடுத்தேன். வேலிக்கு வைத்திருந்த இரும்புக் குழாயில் சுற்றி அடித்து அடித்துக் கூம்பாக்கினேன். வெல்டிங் மெசினை இரவல் வாங்கி நானே ஒட்டினேன். ஒட்டிய இடமெல்லாம் ஓட்டை விழுந்தது, ஓட்டையை ஒட்டப் போனால் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. கடைசியில் அந்தச் சைலன்சரில் தகரத்தைவிடத் தழும்பு அதிகம். எஞ்சினோடு சேரும் இடத்தில் பொருத்தம் சரிவரவில்லை. டின்மீன் பேணி ஒன்றை வெட்டி வளையமாக வைத்து இறுக்கினேன். எஞ்சின் நன்றாக மூச்சு விடட்டும் என்று காபரேட்டருக்குப் பின்னால் இருந்த காற்றுப் பெட்டியையும் கழற்றி எறிந்தேன். (இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. முழுக்க என் சொந்த அறிவு.)

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அன்று வேலைக்குச் சைக்கிளிலேயே போயிருந்த ஹாரிஸ் காக்கா, அங்கிருந்து நேரே பள்ளிவாசலுக்கு வந்துவிடுவதாகப் போன் பண்ணினார். மாமா அத்தர் பூசிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"மருமகன், இண்டைக்கி உங்கட சைக்கிள்ல போவம்."

நாலு வருடம் காத்திருந்தவன் உடனே ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் அவரை நிற்க வைத்து, சைலன்சரைத் துணியால் துடைத்து, டின்மீன் வளையத்தை இன்னொரு முறை இறுக்கி, எஞ்சினைச் சூடாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். பாங்கு சொல்லியும் ஆயிற்று.

மாமா பாரமான மனிதர். அவர் ஏறியதும் சைக்கிள் கேற்றைத் தாண்டும் முன் நின்றது. மறுபடி உதைத்தேன். மறுபடி நின்றது. மெதுவாகப் போக அதற்குத் தெரியவில்லை. ஹாரிஸ் காக்கா மறைக்காமல் சொன்ன அதே விஷயம். மூன்றாம் முறை அக்சிலேட்டரை முழுக்க முறுக்கினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் அந்த வயிறு விழித்துக்கொண்டது.

எப்படிப் போனோம் என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. கடைகள் மூடியிருந்ததும், மாமாவின் இரண்டு கையும் என் இடுப்பை நெரித்ததும், என் காதுக்குப் பின்னால் அவர் சாகப் போகிறவர் போலக் கலிமா சொல்லிக்கொண்டு வந்ததும் நினைவிருக்கிறது. அக்சிலேட்டரைக் குறைத்தால் நின்றுவிடும். ஆகவே குறைக்கவில்லை.

பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது குத்பா பிரசங்கம் தொடங்கிவிட்டது. நிழலுக்காகச் சன்னல் ஓரம் நிறுத்தி, எஞ்சினை அணைக்கத் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை. திறப்பைக் கையில் எடுத்துவிட்டேன், அப்போதும் நிற்கவில்லை. அளவுக்கு மீறிச் சூடேறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், காற்றும் கூடுதலாகக் கிடைத்தால், திறப்பில்லாமலே தன் சூட்டில் தானாக ஓடும். அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஓடியது மட்டுமல்ல, வரவர ஏறியது. (கியரில் போட்டு பிரேக்கை அழுத்தினால் நின்றிருக்கும் என்று பிறகு பத்துப் பேர் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு கியர் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.)

குத்பா நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் பேசுகிறவனைப் பார்த்து "பேசாதே" என்று சொல்வதும் கூடாது. ஆகவே பள்ளி நிறைய இருந்த ஜனம், ஒரு வார்த்தை பேசாமல், என் சைலன்சரைக் கேட்டுக்கொண்டிருந்தது. நீலப் புகை சன்னல் வழியாக உள்ளே போனது. இருமத் தடையில்லை என்பதால் எல்லோரும் இருமினார்கள். மாமா இறங்கி நின்றார். அவருடைய வெள்ளைச் சாரத்தில் சைலன்சரின் வயிறு பட்ட இடம் பொசுங்கி ஓட்டையாகியிருந்தது, பின்பக்கம் முழுக்கக் கறுப்பு எண்ணெய்ப் புள்ளி. திட்டுவதற்கு வாயைத் திறந்தார், குத்பா ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பேச அனுமதியுள்ள ஒரே மனிதர் மிம்பர் மேடையில் நின்ற மௌலவி. அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். சன்னல் பக்கம் திரும்பினார். ஒலிபெருக்கியில் நிதானமாகச் சொன்னார்:

"வெளியே ஒரு சகோதரர் இருக்கிறார். அவர் முடித்துக்கொள்ளட்டும். பிறகு நான் தொடர்கிறேன்."

அந்த ஒலிபெருக்கி எங்கள் வளவுக்கும் கேட்கும். மௌலவியின் குரலும், அதற்குப் பின்னால் ஓடிய சத்தமும். நஸ்ரின் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, "இது என்ட ஆள்தான்" என்று மாமியிடம் சொன்னாளாம்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். ஹாரிஸ் காக்கா. (முன்வரிசை. அதிலும் முன்வரிசை.) என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தார். தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி நாலாக மடித்தார். நான் காற்றுப் பெட்டியைக் கழற்றியதால் திறந்து கிடந்த காபரேட்டர் வாயில் அதை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். எஞ்சின் ஒரு முறை விக்கி, செத்தது. தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வந்த வழியே போய் உட்கார்ந்தார்.

மௌலவி தொடர்ந்தார்.

தொழுகை முடிந்து மாமா ஹாரிஸ் காக்காவின் பின்னால் ஏறப் போனார். ஏறுமுன் என்னிடம் வந்தார். கோபம் தணிந்திருந்தது.

"ஓம் மருமகன், கதைச்சிது," என்றார். "அதுக்கு நிப்பாட்டத்தான் தெரியல்ல."

நாலு வருடம் எதிர்பார்த்த சொல் இப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

அந்தச் சைலன்சரை அன்றைக்கே கழற்றினேன். இப்போது நான் ஜும்ஆவுக்கு நடந்துதான் போகிறேன், அதுவும் பதினொரு மணிக்கே. முன்வரிசையில் எனக்கென்று ஓர் இடம். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைக்கிறார்கள். பழையவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸலாம் சொல்கிறார்கள்.

வீட்டில் விருந்து நடந்தால், சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வருமுன் யாராவது இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார்கள். மௌலவி பேசுகிற இடம் வரைக்கும் நானும் சேர்ந்து சிரிப்பேன். அதற்கடுத்து என் மகள், எத்தனை முறை கேட்டிருந்தாலும், "மறுகா பெரிய வாப்பா வந்தாரா?" என்று தன் பெரியப்பாவைப் பற்றிக் கேட்பாள். ஹாரிஸ் காக்கா தொப்பியைக் கழற்றுகிற இடத்தில் கை தட்டுவாள். அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் குனிவும் அவருக்கு அழகாகத்தான் இருக்கும். மானம் போனது என்னுடையது, கைதட்டு அவருக்கு.

அதனால் இதை எழுத உட்கார்ந்தபோது அவர் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். அவர் எழுந்து வராவிட்டால் எஞ்சின் நிற்கமாட்டேன் என்கிறது.