கழுத்தில்லாத மாட்டுக்கு ஒரு கொக்கி

ஒழுகினசேரி,
1934 ஜூன், வெள்ளி இரவு.

பிரியமுள்ள தேவகனி அக்காளுக்குத் தங்கை நேசபாய் எழுதுவது.

ஊர் அடங்கிய பிறகு விளக்கைத் தூண்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பகலில் எழுதலாமென்றால் பகல் என் கையில் இல்லை. பிள்ளைக்குப் பல் முளைக்கிறது. அவள் தூங்கி நாளாயிற்று. அவள் தூங்காததால் இந்த வீட்டில் யாருமே தூங்குவதில்லை. இப்போது மாமி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடக்கிறார்கள். அழுகை கிணற்றடிவரை போய்த் திரும்பி வருவது கேட்கிறது. மற்றபடி கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் அம்மையும் அப்படியே இருக்க வேண்டுமென்று, கண்ணைத் திறந்துகொண்டேதான், ஜெபிக்கிறேன். மூடினால் அப்படியே விழுந்துவிடுவேன்.

விஷயம் மோட்டார் சைக்கிள். மலை எஸ்டேட் துரை கப்பலேறும்போது, கணக்கப்பிள்ளையான என் வீட்டுக்காரருக்கு அதை விட்டுவிட்டுப் போனார் என்று முன்பே எழுதியிருந்தேன். தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி. துரை அதில் கொச்சிவரை போய் வருவாராம். இவர் இதுவரை திங்கள்சந்தை தாண்டவில்லை. அடுத்த சனிக்கிழமை பிள்ளையை அம்மையிடம் காட்டக் குளச்சலுக்கு வருகிறோம் அல்லவா, அதற்கு மாட்டு வண்டி வேண்டாம், மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கொக்கி அடித்து, அதில் சின்ன வண்டி ஒன்றை மாட்டி, அதில் என்னையும் பிள்ளையையும் மாமியையும் உட்கார வைத்து இழுத்து வருவேன் என்று ஒரே பிடிவாதம். துரை வைத்திருந்த சீமைப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்தாராம். அந்தப் படத்தில் பின்வண்டியில் இருந்தது ஒரு நாய். நான் அதைச் சுட்டிக் காட்டினேன். நாயே பயப்படாமல் இருக்கிறதே என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் படம் மனதில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது கண் சொக்கினால் போதும், நான் அதில் போய்க்கொண்டிருப்பேன். இரண்டு பக்கமும் வயல் தண்ணீரில் மேகம் கிடக்கும், நாங்கள் அதன்மேல் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போவோம், தூரத்தில் கடல் ஒரு நீலக்கோடாக எழும்பும், நீ கையில் ஈரத்தோடு வாசலில் வந்து நிற்பாய். அந்த இடத்தில் கொக்கி கழன்றுவிடும். இவர் மட்டும் போய்க்கொண்டே இருப்பார், திரும்பிப் பார்க்கமாட்டார். நான் திடுக்கிட்டு விழித்துப் பிள்ளையை இறுக்கிப் பிடிப்பேன், அவள் வீரிடுவாள். எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

கொக்கி செய்ய வடசேரிக் கொல்லர் பொன்னுலிங்கம் வந்தார். ஆயுளெல்லாம் மாட்டு வண்டிக்கு வேலை செய்தவர். மோட்டார் சைக்கிளைச் சுற்றி நடந்து, தட்டிப் பார்த்து, "நுகத்தடியை எங்க வைக்கணும் சாரே?" என்று கேட்டார். நுகத்தடி கிடையாது, பின்னால் ஒரு வளையம் போதும் என்று இவர் விளக்கினார். "செரி, வளையம்" என்று போனவர், சீட்டுக்கு அடியில் இரும்புப் பட்டையை முறுக்கி, வளையமும் அதில் கோக்கிற முளையுமாக நல்ல உறுதியாகத்தான் செய்து கொண்டுவந்தார். ஆனால் அந்த வளையத்துக்குள் இன்னொரு முளையும் போகலாம், அவ்வளவு அகலம். மாட்டிப் பார்த்தபோது பின்வண்டி இப்படியும் அப்படியுமாகத் தொட்டில்போல ஆடிற்று. நான் கதவுக்குப் பின்னாலிருந்து ஏன் இத்தனை இடைவெளி என்று கேட்டேன்.

"இடம் விடாட்டா கழுத்து புண்ணாயிரும்லா, பிள்ளே."

"இதுக்குக் கழுத்து இல்லியே" என்றேன்.

அவர் வளையத்தைக் கையால் ஆட்டிப் பார்த்து, "இல்லதான். ஆனாலும் கை அப்படிப் பழகிப்போச்சு" என்றார். இவரோ, ஆட்டம் நல்லது, சீமையிலும் ஆடும் என்று சொல்லிவிட்டார். சீமையில் ஆடுகிறதா என்று நான் எந்தப் படத்தில் பார்ப்பது.

இன்று சாயங்காலம் வெள்ளோட்டம். தெருவே கூடிவிட்டது. நான் பிள்ளையோடு வாசல் நடையில் நின்றுவிட்டேன். முதலில் நீங்கள் ஓடிக் காட்டுங்கள், பிறகு பிள்ளையை ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமி வெள்ளைக் கவணி போர்த்தி, வேதப்புத்தகத்தோடு ஏறினார்கள். மாமி வில்வண்டியில் எப்போதும் பின்னால்தான் உட்காருவார்கள், காலைத் தொங்கப்போட்டு. அப்போதுதான் வழியில் எதிர்ப்படுகிறவர்களை நிறுத்தி விசேஷம் கேட்கலாம். இதிலும் அப்படியே வாலில் போய் உட்கார்ந்தார்கள். அம்மைக்கென்று வைத்திருந்த நெல்மூட்டையையும் பலாப்பழத்தையும், சும்மா கனம் பார்க்க, அவர்கள் பக்கத்தில் ஏற்றினார்கள். இவர் ஸ்டார்ட் செய்தார். அக்காளே, மோட்டார் சைக்கிள் உறுமுகிறது, புகை விடுகிறது, சக்கரம் சுழல்கிறது, ஆனால் நகரவில்லை. பின்வண்டியின் வால் தாழ்ந்து, மூக்கு எழும்பி, அந்தக் கொக்கி மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கிவிட்டது. இவர் முன்னால் வெறித்துப் பார்த்தபடி, நன்றாக ஓடுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மாமி முன்னால் திரும்பிப் பார்க்காமல், "மெதுவாப் போ மக்கா, காத்து அடிக்கி" என்றார்கள்.

எதிர்வீட்டு இஞ்ஞாசி, "சாரே, குளச்சல் வந்தாச்சா?" என்று கேட்டான். அப்புறம் கூட்டத்தில் ஒருத்தர்கூட நிற்கும் நிலையில் இல்லை. எஞ்சினில் கோளாறு என்று இவர் சொல்ல, கொக்கியில் கோளாறு இல்லை என்று கொல்லர் சொல்ல, இருவரும் இருட்டும்வரை எண்ணெயைக் கொட்டித் துடைத்தார்கள்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் நெம்புகோல் பாடத்தில் படம் போட்டு மார்க்கு வாங்கியவள் நான். மாமியும் மூட்டையும் அச்சுக்கு முன்னால் வந்தால் சக்கரம் தரைக்கு வந்துவிடும். ஆனால் மருமகள் வாயால், மாமி, நீங்கள் கனம், முன்னால் தள்ளி உட்காருங்கள் என்று எப்படிச் சொல்ல? ஒரு படம் வரைந்து பார்த்தேன். படத்திலும் கனம் மாமியாகத்தான் தெரிந்தது, கிழித்துவிட்டேன். சொன்னால் வண்டி ஓடிவிடும் என்ற பயம் வேறு. ஓடினால் அந்த ஆடுகிற கொக்கியின் பின்னால் என் பிள்ளை போக வேண்டும்.

ஆகையால் நீ எனக்கு ஓர் உபகாரம் செய். பிள்ளையை இயந்திரத்தில் கொண்டுவருவது அம்மைக்குச் சம்மதமில்லை, அத்தான் வில்வண்டி அனுப்புகிறார் என்று இவர் பெயருக்கு ஒரு கடுதாசி எழுது. நான் கேட்டேன் என்று மூச்சுவிடாதே. அம்மையின் முட்டுக்குச் சூட்டுத் தைலம் விடாமல் தடவு. அத்தானுக்கு என் வணக்கம். உன் வீட்டின்மேல் கர்த்தருடைய நிழல் இருக்கட்டும்.

அன்புத் தங்கை,
நேசபாய்

பின்குறிப்பு: சனி காலை. மேலே எழுதியதில் எதையும் செய்யாதே. கையெழுத்துப் போட்ட இடத்திலேயே தலைசாய்ந்து தூங்கிவிட்டேன்போலிருக்கிறது. விழித்தபோது அழுகை இல்லை. அந்த அமைதியில்தான் பயந்து எழுந்தேன். தொட்டில் வெறுமை, முற்றம் வெறுமை, மோட்டார் சைக்கிளும் இல்லை. வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். பழையாற்றங்கரை விடியல் மங்கலில் குறட்டை விடுகிறதுபோலத் தடதடவென்று சத்தம் ஒன்று வந்தது. பின்னாலேயே வண்டியோடு இவரும் மாமியும் வந்தார்கள், மனிதர் நடக்கிற வேகத்தில். பிள்ளையைக் காற்றுப் படாமல் முன்பக்கம் பலகையோரம் துணிபோட்டுக் கிடத்தியிருந்தார்கள். அவளுக்கு மறைப்பாக மாமியும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்சக்கரம் தானாகத் தரைக்கு வந்திருந்தது, யாரும் யாருக்கும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கொல்லர் விட்ட இடைவெளியில் வண்டி இப்படியும் அப்படியும் ஆட, பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

"சத்தம் போடாதட்டி" என்றார்கள் மாமி. "நிறுத்துனா முழிச்சிருவா. நீயும் ஏறு."

ஓடுகிற வண்டியில் ஏறினேன். தண்ணீரில் மேகம் கிடந்ததை ஒருதரம் பார்த்தேன், அவ்வளவுதான். சுசீந்திரம் பக்கத்தில் என்னை எழுப்பினார்கள்.

வில்வண்டி அனுப்ப வேண்டாம், நாங்கள் இதிலேயே வருகிறோம். நிறுத்தினால் பிள்ளை விழித்துவிடுவாள், ஆகையால் உன் வீட்டைச் சுற்றிவர வழி இருக்கிறதா, கோழிக்கூட்டை நகர்த்த முடியுமா என்று மட்டும் பார்த்துச் சீக்கிரம் பதில் எழுது.