அடுப்புக்குள் தூக்கிய கை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் வீட்டிலும் சுகம். தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாளின் இருமலும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். நல்ல சேதி இத்துடன் முடிந்தது.

தாங்கள் இருபத்திரண்டு வருடம் ஓட்டிய நீராவி எஞ்சின் கறுப்பி, பூங்காவில் நிற்கும் பச்சை எஞ்சின், இரண்டில் ஒன்றைப் பழுது பார்க்கத்தான் நிதி உண்டு என்று மூன்று பேர் குழு போட்டதும், அதில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என்னைப் பொதுமக்கள் சார்பில் சேர்த்ததும், உங்கள் வீட்டுக் கூடத்தில் நான் நெஞ்சைத் தட்டி, "என் ஓட்டு கறுப்பிக்குத்தான் சம்பந்தி" என்றதும் தாங்கள் அறிந்ததே. செவ்வாய்க்கிழமை பட்டறையில் கடைசிப் பார்வை. குழுத் தலைவியம்மா கறுப்பி பக்கம், அருங்காட்சியக அதிகாரி பச்சை பக்கம், ஆக மிச்சம் என் கைதான். சும்மா தூக்கிவிட்டு வந்திருக்கலாம். விவரம் தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள்ள வேண்டுமே! கறுப்பி மேல ஏறி, கரி அள்ளிப் போடுற அடுப்பு வாய்க்குள்ள கையை விட்டு, தலையை விட்டு, தோளையும் விட்டு, வயிறு வரைக்கும் நுழைஞ்சு, "தகடெல்லாம் அப்படியே இருக்கு"ன்னு அறிவிச்சேன். வெளிய வரப் பார்த்தா வயிறு வரல. மெக்கானிக், "மூச்சை விட்டுத் தொப்பையை எக்குங்க சார்"ங்கறார். எக்கினேன், இன்னும் இறுகிச்சு. அவர் கிரீஸ் எடுக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி, "எனக்கு வேற கூட்டம் இருக்கு, ஓட்டெடுப்பை முடிச்சிடலாமே" என்றார். "கறுப்பிக்கு யாரு?"ன்னு தலைவியம்மா குரல். தூக்கினேன் சம்பந்தி, சத்தியமா ரெண்டு கையையும் தூக்கினேன், உள்ளே! யார் பார்த்தா? "பச்சைக்கு?"ன்னதும், "ஐயோ, வேண்டாம்!"னு அலறிக் காலை உதறினேன். அலறல் வெளிய என்னவா கேட்டுச்சோ, "சார் காலைத் தூக்கிட்டார், பச்சைக்கு ரெண்டு"ன்னு அதிகாரி எழுதிட்டார்.

இதுவரை நடந்தது என் வயிற்றின் குற்றம். இனி என் குற்றம். கிரீஸ் தடவி உருவி எடுத்தாங்க. கரியும் பிசுக்குமா, ஒத்தைச் செருப்போட நிற்கிறேன். தலைவியம்மா தாளை நீட்டி, "பச்சைதானே சார்? வாயாலே சொல்லிடுங்க"ன்னாங்க. பட்டறையே சிரிப்பை அடக்கிட்டு நிற்குது. இல்லைன்னா, ஓட்டுப் போட்டது காலுன்னு விளக்கணும். "ஆமாம்"னு கையெழுத்துப் போட்டுட்டேன். பசங்களை எழுப்பி நிறுத்தி, "தப்புன்னா தப்புன்னு சொல்லுடா"ன்னு முப்பது வருஷம் மிரட்டினவன் நான்.

சாயங்காலம் நீங்க போன் பண்ணி, "போகட்டும் சம்பந்தி, நீங்களாவது கறுப்பிக்குக் கை தூக்கினீங்களே"ன்னீங்க. நான் "உம்" கொட்டினேன். அந்த "உம்" மூணு நாளா தொண்டையிலேயே நிற்குது. அதான் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளைக்கு இது தெரிய வேண்டாம். என் மகளுக்குத் தெரியவே வேண்டாம். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், இன்னும் அதற்கு மதிப்பிருந்தால்.

தங்கள் முகத்தில் விழிக்க வெட்கும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உங்க கையில இருக்கறது நகல். தபாலில் போடக் கிளம்பினவன், நேரே தலைவியம்மா அலுவலகத்துக்குப் போய் அசலை நீட்டிட்டேன். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே படிச்சாங்க. வர்ற வியாழக்கிழமை மறு ஓட்டெடுப்பாம். அதுக்கு முன்னாடி இந்தக் கடிதத்தை எல்லார் எதிரிலும் நானே வாசிக்கணுமாம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் சொல்லுங்க, எல்லாரும் வாங்க. மத்தவங்க சிரிக்கட்டும், நீங்க மட்டும் முன்வரிசையில சிரிக்காம உட்காருங்க.